ஏழு கஜம் நாடா

கொஞ்சம் நகந்து உக்காருங்க. இல்லல்ல, பையைக் கீழ வைக்க முடியாது, மடியிலதான் இருக்கணும். உள்ள என்ன இருக்குன்னு பெறகு சொல்றேன். கழுத்துல இஞ்சு டேப்பு தொங்குதே, டெய்லரா நீங்க? நல்லதாப் போச்சு. துணிமணி தெரிஞ்ச ஆளு பக்கத்துல அமைஞ்சது என் நேரம்தான். கருப்பனூத்துக்கு எம்புட்டு நேரம் ஆகும்? முக்கா மணி நேரமா? போதும். அதுக்குள்ள சொல்லிருவேன்.

இன்னைக்கு அந்த ஊர்ல ஒருத்தன் மானத்தை வாங்கப் போறேன் டெய்லரே. சிரிக்காதீங்க. நெசமாத்தான். பந்தல் போட்டிருக்கான், மைக்கு கட்டியிருக்கான், ஊரே கூடும். எல்லாம் அவன் செலவு. அவன் பந்தல்ல நின்னு, அவன் மைக்கைப் பிடிச்சு, அவனை உரிக்கப் போறேன்.

யாரா? தவசி. கருப்பனூத்துத் தவசி. நாங்க மூணு பேரு ஒண்ணாப் பட்டாளத்துக்குப் போனவங்க. நானு, தவசி, அழகுமலை. அவங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு, ஒரே தெரு. நான் இங்கிட்டு எழுமலைப் பக்கம். என் பேரு வீரணன். ஆளெடுக்க வந்த முகாம்ல வரிசையில நிக்கையில பழக்கம். மூணு பேரையும் சாப்பர்ல போட்டான். பெங்களூர்ல பயிற்சி. அப்புறம் கப்பல். எகிப்து. அப்புறம் இத்தாலி.

சாப்பர்னா என்னன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்குறதுதான். துப்பாக்கி சுடுறவனுக்கு வழி பண்ணிக் குடுக்கிறவன் சாப்பர். பாலம் போடுறது, ரோட்டைச் சரி பண்றது, கண்ணிவெடியை எடுக்கிறது. ஆத்தைத் தாண்டினவன் பேரு பேப்பர்ல வந்துச்சு, மெடல் வந்துச்சு. தாண்ட வழி பண்ணவன் பேரு எங்க வந்துச்சு? எங்கயும் வரல. வெள்ளைக்காரனும் மறந்தான், நம்மாளும் மறந்தான். 'நீ வெள்ளைக்காரனுக்குத்தானே சண்டை போட்டே'ன்னு எங்கூர்ல டீக்கடையில கேப்பான். வயிறு எரியும். ஆனா அது கெடக்கு. அந்த வயித்தெரிச்சல் வேற, இந்த வயித்தெரிச்சல் வேற.

கண்ணிவெடி எடுக்கிறது எப்படின்னு சொல்றேன், அப்பத்தான் வெவரம் பிடிபடும். ரெண்டு பேரு முன்னால குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியைச் சாய்ச்சு மண்ணுல குத்திக் குத்திப் போவாங்க. டொக்குன்னு தட்டுச்சுன்னா வெடி. பக்குவமா மண்ணைத் தள்ளி அதை எடுக்கணும். அவங்க பின்னாடியே ஒருத்தன் வெள்ளை நாடாவை விரிச்சுக்கிட்டு வருவான். நாடாவுக்கு வலப்பக்கம் நடந்தா உசுரு. இடப்பக்கம் காலை வச்சா எமன். பின்னால வர்ற ஆயிரம் பேருக்கும் அந்த நாடாதான் சாமி.

நாடாக்காரன் யாரு? நான்தான். எனக்குப் பட்டப்பேரே அதான். நாடா உருண்டை எப்பவும் என் முதுகுப்பையில. தூங்கையில தலைமாட்டுல. என்னைக் கேக்காம ஒரு பய தொட முடியாது. ஒரு உருண்டை அம்பது கஜம். கம்பெனியில சீட்டு ஒட்டியே வரும். அம்பது கஜம்னா அம்பது கஜம்தான்.

நல்ல நாடாங்க. ரெண்டு விரல் அகலம், கெட்டியான பருத்தி. பாத்தா எடுக்கத்தான் தோணும். பொய் சொல்லக் கூடாது, எல்லாப் பயலும் ஆளுக்கொரு துண்டு கிழிச்சிருப்பான். படுக்கை கட்ட, கொசுவலை கட்ட, பூட்சுக்கு. நானும் எம் புள்ளைக்குத் தொட்டில் கட்டக் கொஞ்சம் அனுப்புனேன். பொன்னுத்தாய் பொறந்திருக்கான்னு கடுதாசி வந்த நேரம். கயிறுன்னா குழந்தை மேல உறுத்தும், நாடான்னா பூ மாதிரி கெடக்கும்னு, லீவுல போன ஹவில்தார் சவரிமுத்து கையில குடுத்துவிட்டேன். அது ஏதோ கழிவுத் துண்டு. அது வேற விசயம். அதை விடுங்க.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, விடிஞ்சு ஒரே மூடுபனி. ஆத்துக்குப் போற சரிவுல ஒரு ஆலிவ் தோப்பு. நம்மூர் புளியந்தோப்பாட்டம் வரிசை வரிசையா மரம். அதுக்குள்ள அம்பது கஜம் வழி பண்ணணும். அதைத் தாண்டுனா ஆத்தங்கரை, அங்கருந்து காலாட்படை எறங்கும். முன்னால வலதுல அழகுமலை, இடதுல தவசி. தவசி அப்ப லான்ஸ் நாயக், கையில ஒரு பட்டை. பின்னால நானு. புது உருண்டை, அதுவரைக்கும் விரிக்காதது. அது ஒண்ணுலதான் ஓரத்துல நீல நூல் ஓடும். மத்ததெல்லாம் வெறும் வெள்ளை. நீல நூலை ஞாபகம் வச்சுக்கங்க டெய்லரே, அதுலதான் கதையே இருக்கு.

மூணு மணி நேரம் குத்துனாங்க. பதினோரு வெடி எடுத்தாங்க. பதினொண்ணு! அழகுமலை மட்டும் ஏழு. அவன் கையி அப்படி. தாய் புள்ளைக்குத் தலை வாருற மாதிரி மண்ணைத் தள்ளுவான். வேலை முடிஞ்சுச்சு, ஆத்தங்கரை வந்துச்சு. பாத்தா, என் கையில நாடா இல்ல. உருண்டை தீந்துபோச்சு. இன்னும் ஏழு கஜம் பாக்கி, நாடாவைக் காணோம்!

தவசியைப் பின்னால அனுப்பி வேற உருண்டை கொண்டாரச் சொன்னேன். அவன் வர நேரமாச்சு. நானும் எந்திரிச்சு, விரிச்ச நாடாவைப் பிடிச்சுக்கிட்டே திரும்பி நடந்தேன். போகையில சொல்லிட்டுத்தான் போனேன், 'அழகு, எந்திரிக்காத, அங்கனயே உக்காரு, நாடா வரட்டும்'னு. சொன்னேன் டெய்லரே. எத்தனை கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன்.

அவன் உக்காந்துதான் இருந்தான். தண்ணி தவிச்சிருக்கும் போல. எந்திரிச்சான். மூணு மணி நேரம் குப்புறக் கெடந்தவன் எந்திரிச்சு நின்னா நெலமே வேற மாதிரித் தெரியும். நாடா எங்கன்னு தேடுறான். ஏழு கஜத்துக்கு அங்கிட்டு இருக்கு. 'வீரணா, இப்படியா?'ன்னு கேட்டான். நான் திரும்புறதுக்குள்ள இடது காலை வச்சுட்டான்.

அம்புட்டுத்தான். அதுக்கு மேல அதைச் சொல்ல மாட்டேன்.

மத்தியானம் கூடாரத்துல விசாரணை. கேப்டன் துரை ஆளை அனுப்பி நாடாவை அளந்துட்டான். நாப்பத்து மூணு கஜம். ஏழு கஜம் வெட்டுப்பட்டிருக்கு. 'யாரு வெட்டுனது?'ன்னு கேக்குறான். எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. அப்பத்தான் சாமி கண்ணைத் தெறந்து காட்டுச்சு. தவசி நிக்கருக்குள்ளருந்து நாடா முனை தொங்குது. ஓரத்துல நீல நூல்!

அவனுக்குக் குடுத்த நிக்கரு ரெண்டு ஆளு போடலாம், அம்புட்டுப் பெருசு. அதை நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருக்கான் திருட்டுப்பய. 'அவன் இடுப்பைப் பாருங்க சார்!'னு கத்திக்கிட்டே பாஞ்சு, அந்த முனையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. கையோட வந்துருச்சு. ஒரு கஜம் இருக்கும். மேசையில தூக்கிப் போட்டேன். தவசி ரெண்டு கையாலயும் நிக்கரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். சலூட் அடிக்கக் கூடக் கை இல்ல அவனுக்கு.

துரை கேட்டான், 'நீதான் வெட்டினியா?'ன்னு. இந்தத் தவசி என்ன பண்ணான்னு நெனைக்கிறீங்க? என்னைய ஒரு பார்வை பாத்தான். நல்லா, நிதானமாப் பாத்தான். பாத்துட்டு, 'நான்தான் சார். ஏழு கஜமும் நான்தான்'னான். ஒத்துக்கிட்டான்! அவன் வாயாலேயே! மிச்சத்தை என்ன பண்ணேன்னு கேட்டதுக்கு, 'அடுப்புல போட்டுட்டேன்'னான். எகத்தாளத்தைப் பாருங்க. கொன்னதும் இல்லாம என்னைய அந்தப் பார்வை வேற பாக்குறான்.

கைப்பட்டையைப் பிச்சாங்க. இருபத்தெட்டு நாளு மூட்டையைச் சுமந்துக்கிட்டு வெயில்லயும் மழையிலயும் ஓட விட்டாங்க. அம்புட்டுத்தான் தண்டனை. ஒரு உசுருக்கு இருபத்தெட்டு நாளு! எனக்கு ஆறுமா? அன்னைக்கே நெனைச்சேன், சர்க்காரு குடுக்காததை நான் குடுக்குறேன்டான்னு.

குடுத்தேன். ஊருக்கு வந்த மறுவாரமே கருப்பனூத்து போயி அழகுமலை ஆத்தாகிட்டச் சொன்னேன். 'ஆத்தா, ஒம் மகனைக் கொன்னவன் ஒந் தெருவுலயேதான் இருக்கான்'னு. அந்தக் கெழவி அவன் வீட்டு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துனா பாருங்க, ஊரே வேடிக்கை பாத்துச்சு. அந்த வருசத்துலருந்து கோயில்ல அவனுக்குத் திருநீறு கடைசியிலதான். ஒரு வார்த்தை பேசல அவன். பேச வாய் ஏது? நாலு மாசம் கழிச்சு, அந்தக் கெழவி காட்டை அவன்தான் உழுதானாம். அவ சாகுற வரைக்கும் கஞ்சி ஊத்தினானாம். குத்தமுள்ள நெஞ்சுய்யா, செய்யட்டும். நல்லாச் செய்யட்டும்.

அவன் மூத்த மகளுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சம்பந்தம் கூடி வந்துச்சு. நான் விடுவனா? நேர்ல போயி மாப்பிள்ளை வீட்டுல வெவரத்தைச் சொன்னேன். தட்டு மாத்தின சம்பந்தம் அப்படியே நின்னுச்சு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? ரெண்டு வருசம் கழிச்சு வேற எடத்துல குடுத்துட்டான். ஒண்ணும் கெட்டுப் போகல.

வருசா வருசம் அழகுமலை செத்த தேதிக்குப் போய்ச் சேருற மாதிரி தவசிக்கு ஒரு கார்டு போடுவேன். 'ஏழு கஜம்.' அந்த ரெண்டு வார்த்தைதான். சுகமில்ல, நலமில்ல, கையெழுத்து இல்ல. முப்பத்தெட்டு வருசம், முப்பத்தெட்டு கார்டு. ஒரு வருசம் டைபாய்டுல கெடந்தேன், அப்பக் கூட எம் பொண்டாட்டி இருளாயியை எழுதச் சொன்னேன். அவளுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆளை வச்சு எழுத வச்சேன். 'இந்த வன்மத்தை விட்டா ஒனக்குச் சோறு எறங்காதாய்யா?'ன்னு கேட்டா. எறங்காதுன்னேன்.

அவன் என்ன பண்ணுவான் தெரியுமா? ஒவ்வொரு வருசமும் பதில் போடுவான். அதுவும் ஒத்தை வரி. 'பொன்னுத்தாய் சுகமா?'

எம் மகளைப் பத்தி இவனுக்கு என்னங்க? எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுக, அவனுகளைக் கேக்க மாட்டான். நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டான். பொன்னுத்தாய், பொன்னுத்தாய், பொன்னுத்தாய். மொதல்ல பயந்துபோனேன், பழி வாங்கப் பாக்குறானோன்னு. பிள்ளையைப் பத்து வயசு வரைக்கும் தனியா வெளிய விட்டதில்ல. அவ கல்யாணத்துக்கு ஒரு சேலை அனுப்பியிருந்தான். பிரிக்காமத் திருப்பி அனுப்புனேன். இருளாயிதான், 'நல்லெண்ணமாக் கேக்குறாரு போலய்யா'ன்னா. இவளுக்கு யாரைப் பாத்தாலும் நல்லெண்ணம்தான். போயிச் சேந்துட்டா, போன பங்குனியில.

இப்ப கருப்பனூத்துப் பள்ளிக்கூடத்து வாசல்ல, ஊர்லருந்து பட்டாளத்துக்குப் போனவங்க நெனைவா ஒரு கல்லு நட்டு, அழகுமலை பேரு வெட்டி, கீழ தவசி பேரையும் வெட்டியிருக்காங்க. செத்தவனும் அவனைச் சாகடிச்சவனும் ஒரே கல்லுல! எனக்கு நோட்டீஸ் வந்துருக்கு. 'உடன் பணியாற்றிய வீரணன் அவர்கள் உரையாற்றுவார்.' தவசி சொல்லித்தான் என் பேரைப் போட்டாங்களாம். எம்புட்டு நெஞ்சழுத்தம்! உரையாத்துறேன்டா மவனே, வாரேன்னு கெளம்பிட்டேன். எல்லார் முன்னாடியும் இதை விரிச்சுக் காட்டி, 'இந்தா பாருங்கய்யா, அழகுமலை உசுரை எடுத்த நாடா, இவன் திருடுன நாடா'ன்னு கேக்கப் போறேன். சாயங்காலத்துக்குள்ள அந்தக் கல்லுல அவன் பேரைக் கொத்தி எடுக்க வைக்கிறேன். இல்லைன்னா என் பேரு வீரணன் இல்ல.

இந்தா, நீங்களே பாருங்க. பையைப் பிடிங்க. நாப்பது வருசத்து நாடா, இன்னும் எப்படிக் கெட்டியா இருக்கு பாத்தீங்களா? கொஞ்சம் பழுப்பு ஏறியிருக்கு, அம்புட்டுத்தான். ஓரத்தைப் பாருங்க. நீல நூல்! இதை எவன் மறுப்பான்?

என்னது? தவசி இடுப்புலருந்து உருவுனது இதானான்னா... இல்ல, அது இல்ல. அதைப் பத்தரமாத்தான் வச்சிருந்தேன். ஒரு மழைக்காலத்துல எலி கடிச்சுத் துண்டு துண்டாக்கிருச்சு. இது இருளாயி டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு. அவ போனப்பெறகு பெட்டியைத் தொறந்தா, அடியில மடிச்சு வச்சிருக்கா, வசம்பு வாசத்தோட. பொன்னுத்தாய்க்குத் தொட்டில் கட்டுனது. பெறகு பயலுகளுக்கும் இதுலதான் கட்டுனா. ஒரே நாடாதானேங்க. அதுவும் இதுவும் ஒரே உருண்டை. நீல நூலு இருக்குல்ல? கூட்டத்துல காட்டவும் இது நீளமா இருக்கும், தூரத்துல நிக்கிறவனுக்கும் தெரியும். அந்த ஒரு கஜத் துண்டைக் காட்டுனா கோவணத்துக்கு ஆகுமான்னு சிரிப்பானுக.

எதுக்கு அளக்குறீங்க?

அட, இது ரெண்டு கஜம் இருக்கும். மிஞ்சிப்போனா மூணு. தொட்டிலுக்கு அதுக்கு மேல எதுக்கு? சரி, அளந்துக்கங்க. டெய்லரு கையி சும்மா இருக்காது. நான் இந்த முனையைப் பிடிச்சுக்கிடுறேன்.

எத்தனை?

இல்லங்க. தப்பா எண்ணிட்டீங்க. பஸ்ஸு குலுங்குதுல்ல. மறுபடி அளங்க. நிறுத்தி, நிதானமா. மடிப்பை நீவி விட்டு அளங்க.

ஆறு.

ஆறு கஜம்.

அவன்கிட்ட இருந்தது ஒண்ணு.

இருங்க. பேசாதீங்க கொஞ்சம். நான் அன்னைக்கு அளக்கலைங்க. பொம்பளப் பிள்ளை பொறந்த சந்தோசம், கையில வந்ததை வெட்டுனேன். உருண்டையை மடியில வச்சு ஒரு கல்லு மேல உக்காந்து... இப்ப நீங்க பிடிச்சிருக்கீங்களே முனையை, இப்படித்தான். இப்படித்தான் அவன் பிடிச்சுக்கிட்டு நின்னான். தவசிதான் பிடிச்சான். 'பிள்ளைக்குத்தானடா, நல்லா நீளமா வெட்டு, உத்தரம் உயரமா இருக்கப் போகுது'ன்னு பின்னாலயே போறான். நான் சிரிக்கிறேன். அவன் நிக்கரு நழுவுது. அதைப் பாத்து ரெண்டு பேரும் சிரிக்கிறோம். 'இந்தாடா, இதை வச்சுக் கட்டித் தொலை'ன்னு இன்னொரு கஜம் கிழிச்சு அவன் மேல...

நான்தான் குடுத்தேன்.

தெரிஞ்சிருக்கு டெய்லரே. கூடாரத்துல அந்தப் பார்வை பாத்தானே, அப்பவே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கைப்பிள்ளைக்காரன்னு என்னைய விட்டுட்டு அவன் முன்னால போயி நின்னிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்கே என் செவுள்ல ஒண்ணு விட்டுச் சொல்லியிருக்கலாம்ல? கெழவி மண்ணை வாரித் தூத்துனப்பச் சொல்லியிருக்கலாம்ல? மக கல்யாணம் நின்னப்பவாச்சும்? முப்பத்தெட்டு கார்டு போட்டேனே, ஒண்ணுலயாச்சும் எழுதியிருக்கலாம்ல, 'ஆறு உன்னுது, ஒண்ணு என்னுது'ன்னு? எழுதலையே! என்னைய இப்படி நாப்பது வருசம் கொலைகாரப் பயலா அலைய விட்டுட்டு, பொன்னுத்தாய் சுகமான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கானே, படுபாவி! பாதகத்தி பெத்த பய! இவனைச் சும்மா விடுறதா? நீங்களே சொல்லுங்க, இதுக்கு இவனைச் சும்மா விடலாமா?

என்ன, கருப்பனூத்தா? வந்துருச்சா? முக்கா மணி நேரம்னீங்களே.

அந்தா நிக்கிறான். பந்தலை விட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கே வந்துட்டான் பாருங்க. கம்பு ஊனிக்கிட்டு, கையில மாலை வச்சுக்கிட்டு. எனக்கா அது? என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். மொத வார்த்தையா அதைத்தான் கேப்பான்.

கண்டக்டரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. நாடாவை மடிக்கணும். வேணாம், மடிக்க வேணாம், அப்படியே குடுங்க. கையைப் பிடிங்க டெய்லரே. பிடிச்சு எறக்கி விடுங்க. விட்டுறாதீங்க. படி எங்க இருக்குன்னு தெரியல, காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல எனக்கு.